உளி என்றொரு ஜீன்

ஜூலை 8, திங்கள்

இன்றும் கருக்கள் குழியவில்லை.

என் ஆய்வு வழிகாட்டி மேடம் வந்து மைக்ராஸ்கோப்பில் ஒரே ஒரு பார்வை பார்த்தார். கண்ணை எடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "ரெஜினா, உனக்கு ஊசி போடக் கை வரலை. லியாண்டர் போட்டா வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி இருக்கும்." பூர்ணகலாவும் பக்கத்தில் நின்றாள். அவள் ஆய்வகத்துக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவள் முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். இதே ஆய்வகத்தில் இருந்துவிட்டு ஜெர்மனிக்குப் போன லியாண்டர் என் கணவன் என்பது பத்மலோசனி மேடத்துக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்தால் மாமி. "ஏளா, ஒரு பூச்சிக்கு வாய் எப்படி வருதுன்னு பாக்கிறதுக்கா இத்தனை வருசம்?"

பூச்சி இல்லை, கடல் சாமந்தி என்றேன். சேற்றுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு, மேலே விரல்களை மட்டும் விரித்து வைத்திருக்கும் பிராணி. அதன் முட்டை கருவாகி, இரண்டாய், நான்காய்ப் பிரிந்து, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு பந்தாகிறது. மறுநாள் அந்தப் பந்து ஒரு பக்கம் உள்ளே குழிகிறது, காற்றிறங்கிய பந்தைக் கட்டை விரலால் அமுக்கின மாதிரி. உள்ளே போனது வயிறு. குழியின் விளிம்பு வாய். எந்தப் பக்கம் குழிய வேண்டும் என்று அந்தப் பந்துக்கு யார் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

"அதத்தான் என் மவன் கண்டுபிடிச்சிட்டான்லா" என்றார் மாமி. சுவரில் சட்டம் போட்டிருந்த, லியாண்டரின் படம் வந்த செய்தித்தாள் துண்டைப் பார்த்தபடி சொன்னார். பிறகு நெத்திலியைக் கழுவப் போய்விட்டார்.

ஜூலை 11, வியாழன்

ஏ.சி. காலையில் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் முட்டைகளை வெளியே கொட்ட வேண்டியதாயிற்று. எதற்குத்தான் கோபப்படுவது.

ஜூலை 19, வெள்ளி

பூர்ணகலா போகிறாள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல். மேடத்தின் அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"சிலருக்குக் கை வராதும்மா, அதுல தப்பில்லன்னாங்க. நல்லாத்தான் பேசினாங்கக்கா."

நல்லாத்தான் பேசினார்களாம்! எனக்கும் அவளுக்கும் ஒரே வாக்கியம். பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் வாங்கின பெண். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி அவள் இழுக்கும் ஊசிகளின் முனை என்னுடையதைவிட நேராக இருக்கும். அப்படிப்பட்டவளுக்குக் கை வராதா?

மத்தியானம் அவளுடைய சாமந்திக் கிண்ணங்களை என் அலமாரிக்கு மாற்றினேன். தண்ணீர் மாற்றி, தீனிக்கு இறால் குஞ்சு போட்டு, மூடி வைத்தேன். அவள் எழுதி ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை மட்டும் பிய்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பனிமய மாதா கோயில் திருவிழா. தேர் பார்க்க மாமியோடு போனேன். வெயிலும் கூட்டமும் சொல்லி மாளாது. லியாண்டர் வீடியோவில் வந்தான். ஜெர்மனியில் அவனுக்கு விடிகாலை. மாமி போனைத் தலைக்கு மேல் தூக்கித் தேரைக் காட்டினார்.

அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் எதுவும் காதில் விழவில்லை. இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 14, புதன்

இதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். யாராவது என்னைப் பைத்தியம் என்று சொன்னால் எனக்கே ஒரு ஞாபகத்துக்கு.

கருவின் செல்களுக்குள் ஒன்றையொன்று எழுப்பிவிடுகிற புரதங்கள் இருக்கின்றன. குழியப்போகிற பக்கத்தில் மட்டும் அவை விழித்துக்கொள்கின்றன. இது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. அவற்றையெல்லாம் முதலில் எழுப்புகிற ஜீன் ஒன்றை நாங்கள் வளர்க்கிற சாமந்தியில் கண்டுபிடித்ததாக லியாண்டர் எழுதினான். "உளி" என்று பெயர் வைத்தான். உளியை முடக்கும் மருந்தை முட்டைக்குள் ஊசியால் செலுத்தினால் கரு குழிவதில்லை, பந்தாகவே நின்று செத்துப்போகிறது. கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். அதை வைத்துத்தான் மேடத்துக்கு விருது, அவனுக்கு ஜெர்மனி, எனக்கு ஆய்வுத் தலைப்பு.

மருந்து ஏற்றிய முட்டைகளை எதோடு ஒப்பிடுவது? எந்த ஜீனையும் தொடாத வெற்று மருந்தை, அதே சிவப்புச் சாயத்தோடு, அதே ஊசியால் வேறு முட்டைகளுக்கு ஏற்ற வேண்டும். அவை குழிய வேண்டும். குழிந்தால்தான் குற்றம் உளியினுடையது. எனக்கு அவையும் குழிவதில்லை. அதனால்தான் "கை வரலை".

இன்று ஊசியே படாத முட்டைகளைத் தனியாக வைத்துப் பார்த்தேன். அத்தனையும் குழிந்து, சுழன்று நீந்துகின்றன. ஆக முட்டை நல்ல முட்டை. தண்ணீரும் நல்ல தண்ணீர். மருந்தே இல்லாமல் சாயத் தண்ணீரை மட்டும் ஏற்றிய முட்டைகள் நின்றுவிட்டன. பிறகு பூர்ணகலா விட்டுப்போன மெல்லிய ஊசிகளில் ஒன்றை எடுத்து, அதே சாயத் தண்ணீரை மிகக் கொஞ்சமாக ஏற்றினேன். அவற்றில் பெரும்பாலானவை குழிந்தன.

நாங்கள் எல்லோரும் லியாண்டர் எழுதி வைத்த அளவில், லியாண்டர் பழக்கின தடித்த ஊசியைத்தான் பயன்படுத்துகிறோம். அது முட்டைக்குத் தாங்காத அளவு. உள்ளே போவது எதுவானாலும் கரு நின்றுவிடும்.

அப்படியானால் அவனுடைய வெற்று மருந்துக் கருக்கள் மட்டும் எப்படிக் குழிந்தன? அவன் கை நல்ல கை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசை முடிந்ததும் பஸ் பிடித்து ஸ்ரீவைகுண்டம் போனேன். பூர்ணகலாவின் அம்மா தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். விடைத்தாள் கட்டு ஒன்று நாற்காலியில் கிடந்தது.

"கலா, உன் வெற்று மருந்துக் கரு குழிஞ்சுதா?"

அவள் அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்லக்கா. ஒரு தடவகூட."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? எனக்குத்தான் போடத் தெரியலன்னு நெனச்சேன். நீங்க மேடத்துகிட்ட திட்டு வாங்குறதப் பாத்த பெறவு சொல்லவே பயமா இருந்துச்சு."

என்னுடைய படங்களைப் போனில் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். அவள் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்து, "என்னம்மா சொன்ன எம்புள்ளைய?" என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். தன் கையைத் தானே நம்பாமல் ஒரு பெண் வேலையை விட்டுப் போயிருக்கிறாள். அவளை வழியனுப்பி வைத்து "நல்லாத்தான் பேசினாங்க"ளாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மேடத்திடம் எல்லாவற்றையும் வைத்தேன். படங்கள், மெல்லிய ஊசி, தடித்த ஊசி, சாயத் தண்ணீர். முழுதும் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"வெற்று மருந்துல குழிஞ்சது கொஞ்சமாவது இருக்கும்ல?"

"ஒண்ணு ரெண்டு இருக்கு மேடம்."

"அத வச்சுக்கோ. குழியாதது உன் ஊசி கிழிச்சது. கிழிஞ்ச முட்டைய யாராவது கணக்குல சேப்பாங்களா?"

"கிழியல மேடம். முழுசா, உருண்டையா இருக்கு."

"அப்போ மருந்து ஏத்தினதுல குழிஞ்சிருந்தா, அது மருந்து சரியா இறங்காத முட்டை. அதையும் எடுத்துடு. லியாண்டர் சொல்லித் தரலையா உனக்கு?"

இதுதான் முறை! குழிய வேண்டிய இடத்தில் குழியாததை எறி, குழியக் கூடாத இடத்தில் குழிந்ததையும் எறி. மிச்சம் இருப்பதற்கு உண்மை என்று பெயர். மீன் மார்க்கெட்டில்கூட நாறின மீனை நல்ல மீன் என்று விற்றால் கேட்க ஆள் இருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அறைந்து சாத்தியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

லியாண்டர் பேசினான். அவனுக்கு அங்கே ஜலதோஷம். பாவம், தொண்டை கட்டியிருந்தது. கேட்கவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

கட்டுரையின் படங்களை மறுபடி பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்தவைதான்.

ஊசி போட்ட முட்டை சிவப்பாக ஒளிர வேண்டும். சாயம் அதற்குத்தான், எது ஊசி பட்டது என்று தெரிவதற்கு. உளியை முடக்கிய கருக்கள் மாதுளை முத்து மாதிரி சிவந்து, உருண்டையாக நிற்கின்றன. பக்கத்தில் வெற்று மருந்துக் கருக்கள். அழகாகக் குழிந்திருக்கின்றன. ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

அச்சில் நிறம் போயிருக்கலாம். கணினியில் பார்த்தேன். அதிலும் இல்லை. வேறு விளக்கு வைத்து எடுத்திருக்கலாம். சாயம் வெளுத்திருக்கலாம்.

இதை வாங்கிப் போட்ட பத்திரிகைக்காரர்களுக்குக் கண் எங்கே போயிற்று? மேடத்துக்கு எங்கே போயிற்று? ஊர் முழுக்கக் கைதட்டினார்களே, ஒருவராவது கேட்டார்களா?

இறால் குஞ்சு பொரிக்கும் பாட்டில்கள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். நன்றாக இருந்தவற்றையும் கழுவினேன்.

அக்டோபர் 9, புதன்

கேட்டுவிட்டேன்.

மாமி கோயிலுக்குப் போயிருந்தார். அவன் ஏதோ பனிக்கால உடுப்பு வாங்கினதைக் காட்டிக்கொண்டிருந்தான். "லியாண்டர், அந்தப் படத்துல இருக்கிற வெற்று மருந்துக் கருவுக்கு நீ ஊசி போட்டியா?" என்றேன்.

உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"போட்டேன். மொதல்ல போட்டேன் ரெஜி. எல்லாம் நின்னுபோச்சு."

"அப்புறம்?"

"மேடம் ரெண்டு நாள்ல அனுப்பணும்னாங்க. இன்னொரு லேப் முந்திரும்னு பயம். ஊசி போடாத கரு நல்லா இருந்துச்சு. அத எடுத்து வச்சேன். பெறவு நல்லாப் போட்டு மாத்திரலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"கேக்கல. நானும் சொல்லல. அவங்க கேக்காம இருந்ததே எனக்குச் சம்மதம் மாதிரி இருந்துச்சு."

"கலா வேலைய விட்டுட்டுப் போயிட்டா, தெரியும்ல? கை வரலன்னு. எனக்குக் கை வரலன்னு வாரா வாரம் கேட்டுக்கிட்டு நிக்கேன். நீ அங்க இருந்துக்கிட்டு, ஊசிய சாய்ச்சுப் பிடி, மூச்ச அடக்கிப் போடுன்னு எனக்குப் பாடம் எடுத்தியேடா!"

நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் கத்தவில்லை.

"நீ மூணு மாசமா இதக் கேக்காம இருந்தது ஏன்னு எனக்குத் தெரியும் ரெஜி. ஒவ்வொரு தடவ போன் வரும்போதும் இன்னைக்குக் கேட்டுருவன்னு நெனச்சுதான் எடுத்தேன்."

போனை வைத்துவிட்டேன். எனக்கு அப்படி எதுவும் முன்பே தெரியாது. அவன் சொல்வது தப்பு.

அக்டோபர் 10, வியாழன்

மாமி "கண்ணு ஏன் வீங்கியிருக்கு?" என்றார். வெங்காயம் என்றேன். நேற்று வீட்டில் வெங்காயமே இல்லை.

நவம்பர் 16, சனி

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கடற்கரைச் சாலை முழுக்கத் தண்ணீர்.

சண்டை போட வேண்டுமென்றால் கையில் சரக்கு வேண்டும். ஒரு மாதமாக வேறு வேலை பார்க்கவில்லை. மெல்லிய ஊசி, குறைந்த அளவு. ஒரு தட்டில் உளியை முடக்கும் மருந்து, இன்னொன்றில் வெற்று மருந்து. எல்லாம் சிவந்து ஒளிர்கின்றனவா என்று பார்த்தபிறகே சேர்த்தேன். மருந்து சரியாக வேலை செய்து உளியை அடக்கியதா என்பதையும் தனியாகச் சோதித்துக்கொண்டேன். எது எந்தத் தட்டு என்று சொல்லாமல் படங்களைப் பூர்ணகலாவுக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடம் முடிந்து வந்து, குழிந்தது எது, குழியாதது எது என்று அவள் பிரித்து அனுப்பினாள். நானே பிரித்தால் என் கோபம் பிரித்துவிடும் என்று பயம்.

முடிவு இன்று வந்தது. இரண்டு தட்டும் ஒன்றுதான். உளியை முடக்கினாலும் கரு குழிகிறது. விளிம்பு சுருள்கிறது, உள்ளே பை விழுகிறது, மறுநாள் உச்சியில் மயிர்க்கற்றை முளைத்து அது பம்பரமாகச் சுற்றுகிறது. வாரக் கடைசியில் வாய், வாயைச் சுற்றி நான்கு குட்டி விரல்கள். உளிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பூர்ணகலா போனில் சிரித்தாள். "அக்கா, இதுல எதுவுமே நம்ம கைத்தப்பு இல்லைல்லா?"

"இல்ல."

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

டிசம்பர் 2, திங்கள்

மேடத்தின் அறை. உளியை முடக்கினாலும் கரு குழிகிறது என்று எழுதி வெளியிடப் போகிறேன் என்றேன். இந்தத் தடவை அவர் குரல் உயர்ந்தது.

"உன் புருஷன் வாழ்க்கைய நீயே கெடுக்கப் போறியா?"

"அது எனக்கும் அவனுக்கும் உள்ளது மேடம். நீங்க பேச வேண்டாம்."

"உளின்னு தமிழ்ப் பேரு வச்சு ஊரே கொண்டாடுச்சு. இப்ப அது ஒண்ணுமே இல்லன்னு சொன்னா யார் சிரிப்பா தெரியுமா?"

"அந்தக் கரு தமிழ் படிச்சுட்டா குழியுது?"

எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேண்டீனில் டீ வாங்கினேன். அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

லியாண்டர் வந்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு. மாமி விமான நிலையத்திலேயே அழுதார். நானும் அவனும் காரில் மாமிக்கு இரு பக்கமும் உட்கார்ந்து வந்தோம்.

டிசம்பர் 22, ஞாயிறு

பூசைக்குப் போகாமல் அவனை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். விடுமுறை நாள், யாரும் இல்லை. காலையில் சாமந்திகள் முட்டை விட்டிருந்தன, ஜவ்வரிசிக் கஞ்சி போலக் கொழகொழவென்று. கொழகொழப்பை நீக்கித் தட்டில் பரப்பிக் கொடுத்தேன்.

"உன் ஊசி. உன் அளவு. வெற்று மருந்து மட்டும். போடு."

"எனக்குத் தெரியும் ரெஜி. என்ன வரும்னு தெரியும்."

"எனக்கும் தெரியும். நீ கண்ணால பாக்கணும்."

போட்டான். கை நல்ல கைதான், அதில் சந்தேகமே இல்லை. ஒரு முட்டை கூடக் கிழியவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் கூடியது. இவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு!

டிசம்பர் 23, திங்கள்

காலையில் அவன் முதலில் பார்த்தான். நான் பின்னால் நின்றேன். சிவந்து, உருண்டையாக, அப்படியே நின்ற கருக்கள். தட்டை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொன்றாகப் பார்த்தான். அப்புறம் பக்கத்துத் தட்டு, நான் மெல்லிய ஊசியால் உளியை முடக்கி வைத்தது. எல்லாம் குழிந்திருந்தன.

"நான் வச்ச பேரு" என்றான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், பத்திரிகைக்கு எழுதினான். ஊசி போடாத கருக்களின் படத்தை வைத்தது நான், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெர்மனியில் அவன் தலைவருக்கும் அதையே அனுப்பினான். மாமி வந்து, "பண்டிகை நாளும் அதுவுமா என்ன எழுத்து?" என்றார். அவன் மாமியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னான். மாமிக்குப் பாதி புரிந்திருக்கும். என் பக்கம் திரும்பி, "நீதான் எம்புள்ளைய இப்படி எழுத வச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா மாமி" என்றேன்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஆய்வு நிலையத்தில் கூட்டம். இயக்குநர், மற்ற துறைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். லியாண்டரும் வந்திருந்தான். ஜெர்மனியில் அவனை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பூர்ணகலா அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேடம் எழுந்து பேசினார். மாணவர் மேல் வைத்த நம்பிக்கை வீணாகிவிட்டது, தமக்கு எதுவும் சொல்லப்படவில்லை, மனம் உடைந்துவிட்டது என்றார். கைக்குட்டையை எடுத்தார். கூட்டமே லியாண்டரைத் திரும்பிப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. எழுந்துவிட்டேன்.

"ரெண்டு நாள்ல அனுப்புன்னு சொன்னது யாரு மேடம்?"

"ரெஜினா, உக்காரு."

"படத்துல சிவப்பு இல்லாதது அவன் கண்ணுக்குத் தெரிஞ்சுது, என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. முப்பது வருசம் இதையே பாத்த உங்க கண்ணுக்குத் தெரியலையா? குழியாததத் தூக்கிப்போடுன்னு எனக்குச் சொன்னது யாரு? இவன் செஞ்சது தப்பு. வீட்டுல அதுக்கு நான் அவன சும்மா விட்டு வச்சிருக்கேன்னு நெனைக்காதீங்க. ஆனா இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் அவன மட்டும் பாக்கிறத நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

பூர்ணகலாவும் எழுந்தாள். "எனக்குக் கை வராதுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க சார்" என்றாள். இயக்குநர் தண்ணீர் குடித்தார். விசாரிக்க ஒரு குழு போடுகிறேன் என்றார். என் ஆய்வேட்டுக்கு வேறு வழிகாட்டியை நியமிக்கவும், பூர்ணகலா விரும்பினால் திரும்பச் சேரவும் ஒத்துக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பரீட்சை முடியட்டுமாம்.

வெளியே வந்தோம். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. லியாண்டர் ஸ்கூட்டரை எடுக்காமல் அதன் மேல் கை வைத்தபடி நின்றான்.

"எனக்காகவா பேசின?"

"உனக்காக இல்ல."

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல."

"எப்பப் போகும்?"

"தெரியாது. போகும்னு சொல்ல முடியாது. வண்டிய எடு, மாமி காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

எடுத்தான். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவன் தோளைப் பிடிக்காமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். துறைமுகச் சாலையில் ஒரு பெரிய பள்ளம் வந்தது. அப்போது மட்டும் பிடித்தேன்.